நீ எடுத்துக்கொண்டுபோன மூன்று புள்ளிகள்

எய்யா,

ரேகாவின் முகவாயில் இருக்கும் மூன்று பச்சைப் புள்ளிகளை நீ திருடிக்கொண்டு போனாய். போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது, நான் கொடுத்தனுப்பிய கேக் தட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு, அவள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, அவள் போட்டுத் தந்த இஞ்சி டீயைக் குடித்துக்கொண்டே திருடினாய். வெற்றிலை போட்டுச் சிவந்த அவள் வாயையும், பாதி இந்தியும் பாதித் தமிழுமான அவள் பேச்சையும் சேர்த்து எடுத்துக்கொண்டாய். சென்னைக்குத் திரும்பிப் போய் அவற்றையெல்லாம் ஒரு பேயின் முகத்தில் ஒட்டினாய். அந்தப் பேயை இப்போது முன்பின் தெரியாதவர்கள் எத்தனையோ பேர் காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறார்கள்.

இதை உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். போனில் சொன்னேன், சிரித்தாய். மறுபடி சொன்னேன், மீட்டிங் இருக்கிறது என்றாய். அதனால் எல்லோரும் பார்க்கிற இடத்தில் எழுதுகிறேன். உன் கதையைப் படிக்கிறவர்கள் உன் அம்மா எழுதியதையும் படித்துவிட்டுப் போகட்டும். அம்மா கோபத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். கோபத்தில்தான் எழுதுகிறேன். இடையிடையே உன்னைக் கொஞ்சவும் வந்துவிடுகிறது, அதை என்ன செய்வது, பெற்று வைத்திருக்கிறேனே.

நம்மைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். என் மகன் திருப்பூரை வைத்து ஒரு மாயக் கதை எழுதுகிறான். செல்போனில் வாரா வாரம் வரும் தொடர். படிக்கவும் செய்யலாம், ஒருவர் வாசிக்கக் கேட்கவும் செய்யலாம். தெருவும் பாலமும் பனியன் கம்பெனியும் நிஜம். அவற்றுக்குள் பேயும் பூதமும் மந்திரமும். நொய்யலுக்கு அடியில் நூலால் ஆன ஒரு பாம்பு தூங்குகிறது. சாயத் தண்ணீர் எந்த நிறத்தில் ஓடுகிறதோ அந்த நிறத்தில் அது கனவு காண்கிறது. இங்கே ராயபுரத்தில் ஒரு பழைய கடையின் ஷட்டரைத் தட்டுகிற விதமாகத் தட்டினால் உள்ளே இன்னொரு திருப்பூர் திறக்கும். அங்கே மிஷின்கள் ஆளில்லாமல் தைத்துக்கொண்டிருக்கும். அந்தத் துணியைப் போட்டுக்கொள்கிறவர்களுக்குத் தாங்கள் மறந்துபோன ஒருவரின் குரல் கேட்கும்.

இதைப் படித்தபோது எனக்குப் புல்லரித்தது. இந்த ஊரை எனக்கு ஷிப்டாகவும் பஸ்ஸாகவும் சனிக்கிழமைச் சம்பளமாகவும்தான் தெரியும். இதற்கு அடியில் ஒரு பாம்பு கனவு காண்கிறது என்று சொல்ல என் வயிற்றில் ஒருவன் பிறந்தானே என்று இருந்தது. கம்பெனியில் செக்கிங் மேஜையில் தண்ணீர் பாட்டிலுக்குச் சாய்த்து என் போனை வைத்து, எல்லோரையும் உன் கதையைக் கேட்கவைத்தவள் நான்தான். சூப்பர்வைசர் வந்து கெஞ்சினார். "ஏனுங்க்கா, பாட்டு வெச்சா கை ஓடுமுங்க. நீங்க பேய வெச்சுப்போட்டு எல்லாரும் வாயப் பொளந்துட்டு நிக்கறீங்க. பீஸ் எப்படிங்க நகரும்?" நான் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன்.

என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். தைத்து வரும் பனியனை மேஜையில் விரித்து, ஓட்டை எங்கே, எண்ணெய்க் கறை எங்கே, தையல் விட்டிருப்பது எங்கே என்று பார்த்து, அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். உன் முதல் பாகத்திலேயே அம்புக்காரர்கள் வந்தார்கள். மனித உருவில் மறைந்திருக்கும் பேய்களைக் கண்டுபிடித்து, அவற்றின் மேல் சிவப்பு அம்பை ஒட்டும் வீரர்கள். அம்பு பட்டதும் வேஷம் கலைந்துவிடும். நான் மேஜையைத் தட்டிக் கத்தினேன். "ஏட்டி, இது நம்ம அம்புடி! இந்த மேசையில இருந்து போன அம்பு!"

எங்கிருந்து போனது என்று எனக்குத் தெரியாதா. அப்போது நீ ஒன்றாவதோ இரண்டாவதோ படித்தாய். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என் பையைத் துழாவி, மிச்சமாகிக் கிடக்கும் ஸ்டிக்கர் தாளை எடுத்துக்கொள்வாய். ஒழுகும் குழாய்க்கு ஒரு அம்பு. சுவர் விரிசலுக்கு ஒன்று. அப்பாவின் செருப்பில் வார் அறுந்த இடத்துக்கு ஒன்று. அவர் அதைக் கவனிக்காமலே கம்பெனிக்குப் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஒரு நாள் எனக்குக் காய்ச்சல். கண் விழித்தால் நெற்றியில் ஏதோ ஒட்டியிருக்கிறது. "என்னய்யா இது?" என்றேன். "எம்மா, ஒனக்கு இங்கதான் டேமேஜு. அப்பா வந்தா பாத்துச் சரி பண்ணிருவாவ" என்றாய். அந்த ஸ்டிக்கரை நான் பிய்க்கவே இல்லை. அப்பா வந்து பார்த்துவிட்டுக் கஞ்சி வைத்துக் கொடுத்தார், உப்புப் போட மறந்துவிட்டார், நீ கிண்ணத்திலும் ஒரு அம்பு ஒட்டினாய்.

அந்த அம்புதான். எது சரியில்லையோ அதைக் காட்டி, யாராவது வந்து சரி செய்வார்கள் என்று நம்பி நீ ஒட்டிய அம்பு. அதை மனுஷர் மேல் ஒட்ட உனக்கு எப்படி மனசு வந்தது?

நிழல்தின்னிகளைப் பற்றிச் சொல்கிறேன். உன் கதையில் அவை ரயிலில் வருகின்றன. ஒரே அறையில் நெருக்கியடித்துத் தூங்குகின்றன. வாய் எப்போதும் சிவந்திருக்கும். ஒன்றுக்கும் பெயர் கிடையாது, எல்லாவற்றுக்கும் ஒரே முகம். பேசுவது ஒருத்தருக்கும் புரியாது. சம்பளத்தைப் பற்றிப் பேசாமல் வேலை செய்யும், ஏனென்றால் அவற்றுக்கு வேண்டியது குழந்தைகளின் நிழல். இதில் எதை நீ கற்பனை செய்தாய், சொல். காலையில் எந்த டீக்கடையில் போய் நின்றாலும், நிழல் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் காதில் விழும். "வடக்கனுக வந்துதானுங்க ஊரே கெட்டுப்போச்சு." நீ அதற்கு நகமும் பல்லும் வைத்துக் கொடுத்தாய். பாம்புக்கு யோசித்த மாதிரி இதற்கு நீ யோசிக்கவே இல்லை. கிடைத்ததை அப்படியே எடுத்துப் போட்டுவிட்டாய்.

அப்புறம் அந்தச் சாம்பல்காரி. நிழல்தின்னிகளுக்கு ஊருக்குள் வழி காட்டிக் கொடுக்கும் சூனியக்காரி. கன்னங்கரேலென்று இருப்பாள் என்று எழுதியிருக்கிறாய், அதுவே ஒரு குற்றம் போல. கதையில் எல்லோரும் கொங்குத் தமிழ் பேசுகிறார்கள், வாங்க போங்க என்று. அவள் ஒருத்திதான் "ஏலே" என்கிறாள். அவள் ஒருத்திதான் "சொல்லுதேன்" என்கிறாள். அந்த இடம் வந்ததும் வாசிக்கிறவர் குரலைக் கரகரவென்று மாற்றிக்கொள்கிறார். மேஜையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் உறைத்தது, இது என் பேச்சு. உன்னைக் குளிப்பாட்டும்போது பேசிய பேச்சு. உன் கதையில் அதைப் பேசுகிற ஒரே ஒருத்தி சூனியக்காரி. அன்றைக்கே உனக்குப் போன் போட்டிருக்க வேண்டும். கதைதானே என்று விட்டுவிட்டேன். மகன் கதை என்றால் அம்மாவுக்குக் கண் கொஞ்சம் மங்கித்தான் போகிறது.

நல்லவர்களாவது எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்தால், அங்கேயும் அதே கதை. அம்புக்காரர்கள் சில பழைய குடும்பங்களில்தான் பிறப்பார்கள். சக்தி ரத்தத்தில் வரும். வெளியாள் எவ்வளவு பயிற்சி எடுத்தாலும் அவன் கையில் அம்பு ஒட்டாது. நாயகன் சிவப்பாக இருக்கிறான், தோட்டம் துரவு உள்ள வீட்டுப் பையன். "பிறப்பிலேயே உள்ளது" என்று ஒரு இடத்தில் பெருமையாக எழுதியிருக்கிறாய். எய்யா, பிறப்பிலேயே உள்ளது என்று சொல்லிச் சொல்லித்தானே ஒருத்தனை உள்ளேயும் ஒருத்தனை வெளியேயும் நிற்க வைத்தார்கள்? கோயிலில் மட்டுமா, நம் ஊர் சர்ச்சில் நமக்கென்று தனி பெஞ்சு போட்டிருந்ததை உனக்குச் சொல்லியிருக்கிறேனே. நீயாகக் கட்டிய உலகத்திலும் அந்த பெஞ்சு அப்படியே கிடக்கிறது. நூலில் பாம்பு செய்யத் தெரிந்தவனுக்கு, நம் மண்ணரைப் பக்கம் ஒரு லைன் வீட்டில் நாயகனைப் பிறக்க வைக்கத் தெரியவில்லையா? நீ எங்கே வளர்ந்தாய்?

தூத்துக்குடிப் பக்கமிருந்து நாங்கள் இந்த ஊருக்கு வந்தபோது நீ என் இடுப்பில் இருந்தாய். வீடு தேடி அலைந்தோம். ஒரு வாசலில் ஒருவர் உனக்கு பிஸ்கட்டெல்லாம் கொடுத்துவிட்டு, "எந்தூருங்க நீங்க?" என்றார். சொன்னோம். "அந்தப் பக்கமுங்களா… ஊடு இப்பத்தானுங்க ஒருத்தருக்குச் சொல்லிப்போட்டேன்" என்றார். அடுத்த வாசலிலும் அதுதான், அதற்கடுத்த வாசலிலும் அதுதான். இந்த ஊர் மரியாதை பெரிய மரியாதை. கதவைச் சாத்தும்போதுகூட 'ங்க' போட்டுத்தான் சாத்துவார்கள். தெக்கத்தி ஆட்கள் என்றால் அரிவாள் வைத்திருப்பார்கள் என்று யாரோ ஒரு காலத்தில் ஒரு கதை கட்டிவிட்டிருந்தார்கள். அன்றைக்கு உன் அப்பாவின் கையில் இருந்தது ஒரு டிபன் கேரியர்.

பள்ளிக்கூடத்தில் உன்னை "அருவா" என்று கூப்பிட்டார்கள். ஒரு பையனின் பென்சில் பெட்டி காணாமல் போனால் முதலில் உன் பையைத்தான் கொட்டுவார்கள். நீ வீட்டுக்கு வந்து என் முந்தானைக்குள் முகத்தை வைத்துக்கொள்வாய். கொஞ்ச நாளில் உன் பேச்சு மாறியது. ஒரு மத்தியானம் சாப்பிட உட்கார்ந்து, "அம்மா, சோறு போடுங்க" என்றாய். உன் அப்பா, யாரோ விருந்தாள் வந்திருக்கிறார்கள் என்று திரும்பி வாசலைப் பார்த்தார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். நீ சிரிக்கவில்லை. உன் வாயிலிருந்து எங்கள் பேச்சை நீயே துடைத்து எடுத்துக்கொண்டிருந்தாய் என்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது. இவ்வளவும் பட்டவன் நீ. வேறு யாராவது இந்தக் கதையை எழுதியிருந்தால் நான் போனை அணைத்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். நம் காம்பவுண்டில் கடைசி வீடு ரேகாவுடையது. அவளும் அவள் புருஷன் பப்லுவும் ஜார்கண்டில் ஒரு மலைக்கிராமத்திலிருந்து வந்தவர்கள். அவன் பனியன் கம்பெனியில் அயர்னிங். அவள், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளை அம்மாமார் ஷிப்ட் முடித்து வரும்வரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வாள். அவள் ஊரில் பெண்பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே முகவாயில் பச்சை குத்துவார்களாம். செத்துப்போனால் நகையெல்லாம் கழற்றிவிடுவார்கள், இது மட்டும் கூட வரும் என்று அவள் அம்மா சொல்லிக் குத்திவிட்டாளாம்.

உன் கதை வந்ததிலிருந்து காம்பவுண்டுப் பிள்ளைகளுக்கு அம்புக்காரர் விளையாட்டுதான். ஸ்டிக்கர் கேட்டு என் பையைப் பிடித்துத் தொங்கின. தாள் தாளாக நான்தான் எடுத்துக் கொடுத்தேன். நீ சின்னப் பிள்ளையாகத் திரும்பி வந்த மாதிரி இருந்தது. முதலில் பைப்பில் ஒட்டினார்கள், பூனை மேல் ஒட்டினார்கள். பிறகு ரேகாவின் கதவில் ஒட்டினார்கள். அவள் அதைப் பிய்த்துத் தன் நெற்றியில் பொட்டாக ஒட்டிக்கொண்டு, கண்ணை உருட்டிப் பிள்ளைகளைத் துரத்தினாள். எல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் உன் முப்புள்ளி வந்தாள். நிழல்தின்னிகளின் தலைவி. முகவாயில் மூன்று பச்சைப் புள்ளிகள். அவற்றை உடைத்தால்தான் அவள் பிடியிலிருக்கும் நிழல்கள் விடுபடும் என்று எழுதியிருந்தாய்.

கோகிலாவை உனக்குத் தெரியும். எதிர்வீட்டுப் பெண், மூன்றாவது படிக்கிறாள். தலை பின்னிவிடச் சொல்லித் தினமும் ரேகாவின் மடியில் போய் உட்காருகிறவள். அன்று சாயங்காலம் அவள் தம்பி ரேகாவின் வீட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தான். ரேகா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கோகிலா ஒரு ஜல்லிக் கல்லை எடுத்து, குறி பார்த்து எறிந்தாள். "எந்தம்பி நெழல உட்டுருடீ!" என்று கத்திக்கொண்டே எறிந்தாளாம். அவளும் அன்பினால்தான் செய்தாள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தம்பியைக் காப்பாற்ற, தனக்குத் தலை பின்னிவிடுகிறவளின் முகத்தை உடைக்க வேண்டும் என்று அந்தக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்தது நீ. கையில் ஸ்டிக்கர் கொடுத்தது நான்.

நான் ஷிப்ட் முடித்து வரும்போது குழாயடியில் கூட்டம். ரேகா முந்தானையை முகவாயில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோகிலா தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு தேம்பினாள். "அத்தை, எந்தம்பி நெழல் வந்துருச்சுங்களா?" என்றாள் என்னிடம். தம்பியைத் தூக்கி வெயிலில் நிறுத்தி, அவன் நிழலைக் காட்டினேன். அவளுடைய அம்மா சண்டை போடவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கொழந்த தெரியாம பண்ணிப்போட்டாளுங்க்கா. ஆனா ஏன் அவளுக்கு அப்பிடித் தோணுச்சுன்னு நாமளும் ஓசனை பண்ணோணுமல்லங்க. அவிய யாரு, எந்தூருன்னு நமக்கென்னங்க தெரியும்?" என்றாள். கூட நின்றவர்கள் தலையாட்டினார்கள். மறுநாள் ரேகாவின் வீட்டுக்கு ஒரு பிள்ளையும் போகவில்லை. பிள்ளைகளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போகிறார்கள். ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு அவை உட்கார்ந்திருக்கின்றன.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். நடுப்புள்ளியின் மேலேயே தையல். திரும்பி வரும்போது ஆட்டோவில் ரேகா கேட்டாள், "அக்கா, அந்தக் கதையில நான் என்னா பண்ணுச்சு?" அவளுக்குப் பேசினால் வலிக்கிறது. "யாரு எழுதுச்சு?" என்றாள். என் மகன் என்றேன். "டீ குடிச்ச பையன்?" என்றாள். ஆமாம் என்றேன். வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, "சக்கரை கம்மி கேட்டான்" என்றாள். அவ்வளவுதான். மறுபடியும், "நான் என்னா பண்ணுச்சு அக்கா?" என்றாள். நான் என்ன சொல்ல? பிள்ளைகளின் நிழலைத் தின்றாய் என்றா? "அவன் வருவான். அவனே வந்து சொல்லுவான்" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது.

உனக்குப் போன் போட்டேன். "ஏம்மா, அது ஃபேன்டசிம்மா. நெஜம் கெடையாது" என்றாய். "கல்லு நெஜம்லா" என்றேன். சிரித்தாய். "கதைன்னா வில்லன் வேணும்மா. சின்னப் புள்ளைங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டா நான் என்ன பண்றது?" அவர்கள் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை, எய்யா. நீ எழுதியதை அப்படியே புரிந்துகொண்டார்கள். காம்பவுண்டில் யாருக்கும் புரியாத மொழி பேசுகிற, சிவந்த வாயுள்ள, முகவாயில் மூன்று புள்ளி உள்ள ஒருத்தியைத் தேடினார்கள். ஒருத்திதான் இருந்தாள்.

உன் அப்பாவுக்கு நான் இதை எழுதுவது பிடிக்கவில்லை. "அவன் பொழப்பு நடக்கட்டும். நீ அவன் மேல கேஸே போட்டுருவ போலுக்கே" என்றார். ஆனால் நேற்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, ஒரு பிளேடும் தேங்காய் எண்ணெயும் எடுத்துக்கொண்டு போய், ரேகாவின் கதவில் மிச்சமிருந்த அம்புகளை ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்தார். காகிதம் வந்துவிட்டது, பசை வரவில்லை. அதன் மேல் தூசி படிந்து இப்போதும் அம்பு அம்பாகத் தெரிகிறது.

நீ எழுதுவதை நிறுத்து என்று நான் சொல்வேன் என்று பயப்படாதே. அந்தப் பாம்பு விழிக்கிறதா இல்லையா என்று எனக்கே தெரிந்தாக வேண்டும். பேய்க்குப் பதிலாக முதலாளியை வை என்றும் சொல்ல மாட்டேன். அதுவும் யோசிக்காத வேலைதான். ரேகாவைத் தெய்வமாக்கிவிடாதே, அது எனக்கு இன்னும் எரிச்சல். அவள் தண்ணீர் பிடிக்கும்போது யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துக் குடத்தை முன்னால் நகர்த்துகிறவள். பப்லுவின் தங்கச்சியோடு போனில் மணிக்கணக்காகச் சண்டை போடுகிறவள். தாயக்கட்டையில் கூசாமல் ஏமாற்றுவாள். அவளுக்கு ஒரு பெயர் கொடு, ஒரு சண்டை கொடு, ஒரு ஆசை கொடு. அதற்குப் பிறகும் அவள் பேயாகத்தான் வருவாள் என்றால் வரட்டும், நான் முதல் ஆளாகப் படிக்கிறேன். சாம்பல்காரிக்கும் அதையே செய். நாயகனும் ஒரு தடவையாவது "எம்மா" என்று கூப்பிடட்டும். உனக்கு அது வரும். வராத மாதிரி எவ்வளவு நாள்தான் இருப்பாய்?

தொடர் புத்தகமாக வரப்போகிறது என்று அட்டைப்படம் அனுப்பியிருந்தாய். "நல்லா இருக்காம்மா?" என்று கேட்டிருந்தாய். இருட்டில் ஒரு சிவந்த வாய், கீழே மூன்று பச்சைப் புள்ளிகள். நன்றாகத்தான் வரைந்திருக்கிறார்கள். இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்றாய் அல்லவா? அந்த அட்டை அச்சுக்குப் போகக் கூடாது. நீ கேட்டதற்குப் பதிலாகத்தான் நான் ஒரு படம் அனுப்பினேன்: ரேகாவின் முகவாய், தையல் போட்டபடி. அவளைக் கேட்டுத்தான் எடுத்தேன். நேராக நிமிர்ந்து உட்கார்ந்து காட்டினாள். அந்தப் படத்துக்கு நீலக் கோடு விழுந்துவிட்டது. நீ பார்த்துவிட்டாய். ஒன்றும் எழுதவில்லை.

மங்கலம் பக்கம் தறிக் கொட்டகைகளுக்கு நடுவில் பப்லு ஒரு அறை பார்த்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டெம்போ வருகிறது. இருந்துவிடச் சொல்லி நான் கெஞ்சினேன். "பிள்ளைங்க பயப்படுதே அக்கா" என்கிறாள். தன் பயத்தைச் சொல்லவில்லை. பாயும் துணியும் பாத்திரமும் கட்டியாயிற்று. டீ போடும் கிண்ணத்தை மட்டும் கட்டாமல் வைத்திருக்கிறாள். ஏன் என்று கேட்டேன். "பையன் வந்தா?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து சேர். வாசலில் பசை ஒட்டிய கதவுக்கு முன்னால் அந்தப் படியில் உட்கார். கோகிலாவும் மற்ற பிள்ளைகளும் ஜன்னலிலிருந்து பார்க்கட்டும். அவள் கையால் டீ வாங்கிக் குடி. குடித்துவிட்டு, கதையில் அவள் என்ன செய்தாள் என்று அவள் முகத்தைப் பார்த்து நீயே சொல். எந்த வண்டிக்கு வருகிறாய் என்று எனக்கு ஒரு வரி போடு, எய்யா.